மொத்தம் சரியாக இருக்கிறது

சில மாதங்களுக்கு முன் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஓர் இளம் கவிஞர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "ஐயோ, எனக்குக் கணக்குன்னாலே சுத்தமா வராதுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் "எனக்கும்தான்" என்று கையைத் தூக்கினார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு சின்ன பெருமை. "எனக்குப் படிக்கவே வராதுங்க" என்று ஒருவர் அதே பெருமையோடு சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்போடு போடும் சண்டை. அதைவிட முக்கியமாக, என் சொந்தக் கூட்டத்தோடு, அதாவது நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களோடு போடும் சண்டை. கவிஞர் கணக்கு வராது என்று சொல்லி விலகிக்கொள்கிறார். நாங்கள் கணக்கு வரும் என்று சொல்லி உள்ளே உட்கார்ந்துகொண்டு, தப்பு நடந்தால் "சின்ன பக்தான், விடுங்க" என்கிறோம். அவர் பார்க்கமாட்டேன் என்கிறார். நாங்கள் அவர் பார்க்கமாட்டார் என்பதை நம்பியே தொழில் நடத்துகிறோம்.

நான் எழுதிய ஒரு பக் பற்றிச் சொல்கிறேன். ஆம், நான் எழுதியதுதான்.

*

சென்னையில் ஒரு அலுவலகம். பெயர் வேண்டாம். வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் இடர் கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பல ஊர்களில் வீட்டுக்கடன் கொடுத்திருந்தார்கள். ஒரு ஊரின் பொருளாதாரம் படுத்தால் அங்கே எத்தனை பேர் தவணை கட்டாமல் போவார்கள், பல ஊர்கள் ஒரே சமயத்தில் படுத்தால் நிறுவனம் எவ்வளவு பணத்தைக் கையில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், இதுதான் கேள்வி. அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு அவை நிரல்களின் தலைப்புகள். நிரல் என்றால் இங்கே புரோகிராம் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அணி என்ற பாடத்தில் வருமே, நிரை, நிரல், அந்த நிரல். கீழ்நோக்கிப் போகும் வரிசை. குழப்பம் வேண்டாம், இனிமேல் புரோகிராமை 'கோட்' என்றே சொல்கிறேன்.

எதிர்காலம் யாருக்கும் தெரியாது. அதனால் கம்ப்யூட்டரை லட்சம் தடவை பகடை உருட்டச் சொல்கிறோம். ஒவ்வொரு உருட்டலும் ஒரு கற்பனை வருடம். அந்த வருடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண் விழும். எண் ரொம்பக் கீழே போனால் அந்த ஊருக்குக் கெட்ட காலம். இந்த எண்களின் தொகுப்பைத்தான் சமவாய்ப்பு வெக்டர் என்கிறோம்.

ஆனால் ஊர்கள் தனித்தனிப் பகடைகள் இல்லை. பக்கத்து ஊரில் ஆலை மூடினால் இந்த ஊர் டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் படுக்கும். இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் தன்மையைத்தான் பாடப்புத்தகம் ஒட்டுறவு என்கிறது; ஆபீசில் கோரிலேஷன். சம்பந்தமே இல்லாவிட்டால் 0. அப்படியே ஒன்றையொன்று பின்தொடர்ந்தால் 1. எனவே உருட்டும் பகடைகளுக்குள்ளும் அந்த உறவை நாமே ஏற்றிவைக்க வேண்டும். ஒட்டுறவுள்ள வெக்டர்களை உருவாக்குவது என்பது இதுதான்.

*

எப்படி ஏற்றுவது? இரண்டு ஊர்களை அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 0.8 ஒட்டுறவு வேண்டும். முதலில் சம்பந்தமில்லாத இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். அண்ணன் தன் பகடையை அப்படியே எடுத்துக்கொள்கிறார். தம்பி, அண்ணன் பகடையிலிருந்து 0.8 பங்கும் தன் பகடையிலிருந்து 0.6 பங்கும் எடுத்துக்கொள்கிறார். ஏன் 0.6? 0.8-ஐ வர்க்கப்படுத்தினால் 0.64. 0.6-ஐ வர்க்கப்படுத்தினால் 0.36. கூட்டினால் 1. ஆகவே தம்பியின் ஏற்ற இறக்கமும் அண்ணனுடையதைப் போலவே 1. பாடப்புத்தகம் விலக்க வர்க்கச் சராசரி என்று சொல்வது இந்த 1-ஐத்தான்.

இரண்டு ஊருக்குக் கையாலேயே இதைப் போட்டுவிடலாம். ஐம்பது ஊருக்கு ஒரு முறை வேண்டும். அந்த முறைக்குச் சொலெஸ்கி என்பவரின் பெயர். ஆந்த்ரே-லூயி சொலெஸ்கி பிரெஞ்சு ராணுவத்தின் பீரங்கிப் படை அதிகாரி. நில அளவைக் கணக்குகளுக்காக இந்த முறையை உருவாக்கினார். 1918 ஆகஸ்டில் முதல் உலகப்போரில் இறந்தார். அவருடைய முறை 1924-ல்தான் அச்சில் வந்தது. இன்றைக்கு உலகத்தில் உள்ள வங்கி, காப்பீட்டு நிறுவனம் எதை எடுத்தாலும் உள்ளே எங்காவது இந்த மனிதரின் முக்கோணம் இருக்கும். முக்கோணம் என்பது உவமை இல்லை. ஒட்டுறவு அணியை இந்த முறைப்படி உடைத்தால் பாதி இடம் பூஜ்யமாகவும் பாதி இடம் எண்களாகவும் முக்கோண வடிவில் ஒரு அணி கிடைக்கும்.

இங்கேதான் வில்லங்கம். முக்கோணம் கீழ்ப்பக்கமும் இருக்கலாம், மேல்பக்கமும் இருக்கலாம். இரண்டும் சரிதான், நிரையை நிரலாகத் திருப்பிப் போட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மேட்லேப் மென்பொருளின் சோல் கட்டளை மேல் முக்கோணத்தைக் கொடுக்கும். ஆர் மொழியும் அப்படியே. பைத்தானில் நம்பை கொடுப்பது கீழ் முக்கோணம். அதே பைத்தானில், அதே பெயருள்ள கட்டளையை சைபையில் கூப்பிட்டால், நீங்கள் தனியாகச் சொல்லாதவரை மேல் முக்கோணம். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர், தபால்காரர் பாவம்.

எங்கள் பழைய கோட் மேட்லேப்பில் இருந்தது. லைசென்ஸ் செலவைக் குறைக்க அதைப் பைத்தானுக்கு மாற்றச் சொன்னார்கள். நான்தான் மாற்றினேன். வரிக்கு வரி மாற்றினேன். பகடைகளை முக்கோணத்தால் பெருக்கும் வரியையும் அப்படியே மாற்றினேன். பெருக்கும் திசை பழைய ஊரினுடையது, முக்கோணம் புதிய ஊரினுடையது. ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அணியைத் திருப்பிப் போடச் சொல்லும் ஒரே ஒரு 'டி'.

இதனால் என்ன ஆயிற்று? தம்பி அண்ணனிடமிருந்து எடுப்பதற்குப் பதிலாக, அண்ணன் தம்பியிடமிருந்து எடுக்க ஆரம்பித்தார். அண்ணனுக்குத் தன் பகடை முழுசு, அதோடு தம்பி பகடையில் 0.8. தம்பிக்குத் தன்னுடையதில் வெறும் 0.6 மிச்சம். அண்ணனின் ஏற்ற இறக்கம் 1.64. தம்பியுடையது 0.36.

கூட்டிப் பாருங்கள். 1.64-ம் 0.36-ம் சேர்ந்தால் 2. சரியான கணக்கிலும் 1-ம் 1-ம் சேர்ந்து 2. எத்தனை ஊர் இருந்தாலும் இந்தத் தப்பில் மொத்தம் மாறவே மாறாது. அது கணிதப்படி உறுதி. கிராமத்தில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இது புரியும். பத்திரத்தில் மொத்த ஏக்கர் சரியாக இருக்கும். யாருக்கு எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால்தான் அடிதடி.

*

"ஒருத்தருக்கு 1.64, ஒருத்தருக்கு 0.36-ன்னா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்களே?" என்று கேட்பீர்கள். கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அதற்கும் நான் வழி செய்து வைத்திருந்தேன். வெக்டர்கள் உருவான பிறகு ஒவ்வொரு நிரலையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுக்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். எல்லா ஊரும் ஒரே அளவில் இருக்கட்டும், பாதுகாப்புக்காக. பக்கத்தில் கமென்ட்கூட எழுதியிருந்தேன்: பாதுகாப்புக்காக. அந்த வரி 1.64-ஐ 1 ஆக்கியது, 0.36-ஐயும் 1 ஆக்கியது. சாட்சியம் அழிந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. உறவு. கேட்டது 0.8. உள்ளே இருந்தது 0.62.

ஒவ்வொரு ஊரையும் தனியாக எடுத்துப் பாருங்கள்: சராசரி சரி, ஏற்ற இறக்கம் சரி, வரைபடம் போட்டால் மணி போல அழகாக வரும். எங்கள் சோதனைகள் எல்லாமே ஊர் ஊராகப் பார்ப்பவை. எல்லாம் பச்சை. டீம் லீட் "சூப்பர்" என்று மெசேஜ் போட்டார். நானும் அந்த மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

0.8-க்கும் 0.62-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இருபது வருடத்துக்கு ஒரு முறை வரும் கெட்ட வருடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் அது ஒரே வருடத்தில் வருமா? உறவே இல்லாவிட்டால் 400 வருடத்துக்கு ஒரு முறை. 0.8 என்றால் ஏறத்தாழ 40 வருடத்துக்கு ஒரு முறை. 0.62 என்றால் ஏறத்தாழ 60 வருடத்துக்கு ஒரு முறை. என் கோட் சேர்ந்து விழும் பேரழிவுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் காணாமல் ஆக்கிவிட்டது. இது இரண்டே ஊருக்கு. எங்களிடம் பல ஊர்கள்.

*

அதைக் கண்டுபிடித்தது நானில்லை, டீம் லீட் இல்லை, வருடாவருடம் வந்து டிக் அடித்துவிட்டுப் போன ஆடிட்டர்களும் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். வேறு எதற்காகவோ ஊர்ப் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறார். விடை மாறிவிட்டது. என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, ஊரோட வரிசைய மாத்தினா ஒதுக்கீட்டுத் தொகை மாறுது."

"ரேண்டம் நம்பர்மா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்."

"இல்லண்ணா. பத்து தடவ ஓட்டிட்டேன். பழைய வரிசைல பத்தும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். புது வரிசைல பத்தும் கிட்டத்தட்ட வேற ஒரே நம்பர்."

நான் மானிட்டரைப் பார்த்தபடியே "சரி, பாக்கறேன்" என்றேன். எனக்கு அப்போதே வயிற்றில் ஏதோ செய்தது. சரியான கணக்கில் வரிசைக்கு எந்த மதிப்பும் இல்லை. யாரை முதலில் எழுதினாலும் உறவு ஒன்றுதான். தப்பான கணக்கில் மூன்று ஊருக்கு மேல் போனாலே முதலில் எழுதப்பட்டவர், கடைசியில் எழுதப்பட்டவர் என்று ஆளுக்கொரு உறவு. அதாவது ஒரு ஊரின் ஆபத்து அந்த ஊர்க்காரர்களின் வேலை, கூலி, கடன் எதையும் பொறுத்து இல்லை. பட்டியலில் எத்தனையாவது நிரல் என்பதைப் பொறுத்து இருந்தது.

சாயங்காலம் அவரே திரும்ப வந்தார். இரண்டே இரண்டு ஊரை வைத்துச் சின்னதாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். "0.8 குடுத்தா 0.62 வருதுண்ணா." அவ்வளவுதான் சோதனை. கேட்டதைக் கொடுத்ததா என்று பார்ப்பது. மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டால் வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பார்ப்போமே, அது. இதை நாங்கள் ஒன்றரை வருடம் செய்யவில்லை.

*

இனிதான் நான் சண்டை போட வந்த விஷயம்.

அடுத்த நாள் மீட்டிங். ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும், கோட் சரியாகிவிடும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. விவாதம் முழுக்க என்ன பெயர் வைப்பது என்பதில் நடந்தது. 'பிழை' என்று எழுதினால் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடமாகக் கொடுத்த அறிக்கைகளைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். ஒருவர் சொன்னார்: "மாடல்னாலே தோராயம்தானே. தோராயத்துல இது ஒரு தோராயம்." இன்னொருவர்: "ஒட்டுமொத்த வேரியன்ஸ் மாறவே இல்லையே? டோட்டல் கரெக்டாதானே இருக்கு?" கடைசியில் அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்வது என்றும், குறிப்பில் 'ஒட்டுறவுப் பகுதியில் மேம்பாடு' என்று ஒரு வரி போடுவது என்றும் முடிவாயிற்று. அந்த வரியை எழுதியது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. என்ற ஒன்று எனக்கும் இருந்தது.

அந்தப் பெண் மீட்டிங்கில் ஒன்றும் பேசவில்லை. பேச விடவில்லை என்பதே சரி.

பிழை செய்ததற்காக நான் வெட்கப்படவில்லை. நூறு பேர் மேட்லேப்பிலிருந்து நம்பைக்கு மாறினால் பத்துப் பேராவது இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். 'மேம்பாடு' என்று எழுதினேனே, அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பொது ஆவணங்களில் உள்ள கதை ஒன்று. அமெரிக்காவில் ஆக்ஸா ரோசன்பெர்க் என்ற முதலீட்டு நிறுவனம். 2007 ஏப்ரலில் அவர்களுடைய கோடில் ஒரு பிழை புகுந்தது. மாடலின் ஒரு பாகம் எண்ணை ஒரு அளவில் அனுப்ப, இன்னொரு பாகம் அதை வேறு அளவில் வாங்கிக்கொண்டது. ஒன்று தசமம், ஒன்று சதவீதம். அதனால் இடரைக் கவனிக்க வேண்டிய பகுதி சரியாக வேலை செய்யவில்லை. 2009 ஜூனில் ஊழியர் ஒருவர் கண்டுபிடித்தார். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பார் ரோசன்பெர்க், இதை வெளியே சொல்லவேண்டாம், இப்போதைக்குத் திருத்தவும் வேண்டாம் என்று சொன்னதாக அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் பிறகு குற்றம் சாட்டியது. வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது 2010 ஏப்ரலில். 2011-ல் நிறுவனம் வாடிக்கையாளர்களின் நஷ்டத்துக்கு 217 மில்லியன் டாலரும், அபராதமாக 25 மில்லியன் டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. ரோசன்பெர்க் 2.5 மில்லியன் கட்டி, முதலீட்டுத் தொழிலிலிருந்தே வாழ்நாளுக்கும் விலக்கப்பட்டார்.

பிழை செய்ததற்கு அல்ல, மறைத்ததற்குத்தான் இந்த வழக்கு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 2008 மே மாதம் ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. மூடிஸ் தரமதிப்பீட்டு நிறுவனம் சிக்கலான சில கடன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த மதிப்பெண்ணான மூன்று ஏ கொடுத்திருந்தது. அதில் கணினிப் பிழை இருந்ததை 2007 தொடக்கத்திலேயே உள்ளே கண்டுபிடித்துவிட்டார்கள். பிழையைத் திருத்தினால் சில பத்திரங்கள் நான்கு படி வரை கீழே வந்திருக்க வேண்டும். ஆனாலும் மதிப்பெண் கீழே வரவில்லை என்றது செய்தி. அதன்பிறகு நடந்த விசாரணையில், சம்பந்தப்பட்ட குழுவினர் சிலர் நடத்தை விதிகளை மீறியிருந்தார்கள் என்று மூடிஸே ஒப்புக்கொண்டது.

உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் மீட்டிங் அறையும் எங்கள் மீட்டிங் அறையும் எவ்வளவு ஒரே மாதிரி இருக்கின்றன என்று படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

*

"மாடல் எல்லாமே தோராயம்தானே" என்ற வாதத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது புத்திசாலித்தனமாகக் காதில் விழுகிறது.

தோராயம் என்பது நாம் தெரிந்து எடுத்த முடிவு. இரண்டு ஊருக்கு இடையில் 0.8 என்று போடுவது தோராயம். அது 0.7 ஆக இருக்கலாம், கெட்ட காலத்தில் 0.95 ஆகலாம், அதைப் பற்றி விவாதிக்கலாம், எழுதி வைக்கலாம், ஆதாரம் காட்டலாம். 0.8 என்று தாளில் எழுதிவிட்டு உள்ளே 0.62 ஓடிக்கொண்டிருப்பது தோராயம் இல்லை. அது நாங்கள் எடுத்த முடிவை எங்களுக்கே தெரியாமல் மாற்றியது. தெரிந்த பிறகும் அதைத் தோராயம் என்றால் அதற்குப் பெயர் பொய்.

2008 சரிவுக்குப் பிறகு பலர் பழியை ஒரு சூத்திரத்தின் மேல் போட்டார்கள். டேவிட் லி என்பவர் 2000-ல் எழுதிய கட்டுரை. கடன்கள் சேர்ந்து மூழ்குவதை ஒட்டுறவு கொண்டு கணக்கிடும் முறை. சூத்திரம்தான் வால் ஸ்ட்ரீட்டைக் கொன்றது என்று கட்டுரைகள் வந்தன. அந்த முறையின் சாரத்தைப் புரிந்தவர்கள் மிகக் குறைவு என்று 2005-லேயே லி பத்திரிகையில் எச்சரித்திருந்தார். எனக்குச் சூத்திரத்தைத் திட்டுபவர்கள் மேல் நம்பிக்கையில்லை. சூத்திரத்துக்கு வாய் கிடையாது, அதனால் பழி போட வசதி. கேட்டதும் கொடுத்ததும் ஒன்றா என்று பார்க்காத மனிதர்களுக்கு வாய் இருக்கிறது, அந்த வாய் மீட்டிங்கில் 'மேம்பாடு' என்று சொன்னது.

இந்த வகைப் பிழைக்கு வயதும் அதிகம். 1960-களில் ஐபிஎம் கணினிகளில் ராண்டு என்று ஒரு சமவாய்ப்பு எண் உருவாக்கி இருந்தது. அது கொடுக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பரவாயில்லை. ஆனால் அடுத்தடுத்த மூன்று எண்களைச் சேர்த்து ஒரு கனசதுரத்துக்குள் புள்ளிகளாக வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுக்கி வைத்த அப்பளம் மாதிரி. நடுவில் எல்லாம் வெற்றிடம். இந்தக் குடும்பத்து உருவாக்கிகளுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968-ல் கட்டுரை எழுதிக் காட்டினார். அதுவரை அதை வைத்து எத்தனையோ கணக்குகள் போடப்பட்டிருந்தன. அங்கேயும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் கண்ணில் பிழை படவில்லை. எண்களுக்கு இடையில் பார்த்தவர் கண்ணில்தான் பட்டது.

அதனால்தான் இதை இலக்கியம் படிப்பவர்களிடம் சொல்ல வந்தேன். உறவுகளைப் பற்றி எங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொள்கிறீர்கள்? ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நல்லவர்களாக இருந்தும் வீடு நரகமாக இருக்கும் கதைகளை எத்தனை படித்திருப்பீர்கள்? அந்தக் கண்ணோடு ஒரு அணியைப் பார்க்க உங்களால் முடியும். இந்தக் கட்டுரையில் நான் போட்ட கணக்கு எல்லாம் இரண்டு எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டியதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணக்கு வராது என்று சொல்லிச் சிரிக்கும்போது, "டோட்டல் கரெக்டாதானே இருக்கு" என்று சொன்ன மனிதருக்கு நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள். உங்கள் கடன் விண்ணப்பத்தையும் உங்கள் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் இப்படி ஒரு அறையில் இருக்கும் ஆட்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்களிடம் "மொத்தம் இருக்கட்டும், உள்ளே யாருக்கு எவ்வளவு?" என்று கேட்க ஆள் வேண்டும்.

என் கூட்டத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, வெளியே வந்த எண்களிலிருந்து ஒட்டுறவைத் திரும்பக் கணக்கிட்டு, கேட்டதோடு ஒப்பிடும் சோதனையை ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்கள். வரிசையைக் கலைத்துப் போட்டும் ஓட்டுங்கள். பத்து வரிக்கு மேல் வராது. இரண்டு, பிழையைப் பிழை என்று எழுதுங்கள். டொனால்ட் கனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். அதை வாங்கியவர்கள் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். பிழை சொன்னவருக்கு மரியாதை கிடைக்கும் ஒரு இடமாவது உலகத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. எங்கள் ஆபீசில் பிழை சொன்ன பெண்ணுக்கு அந்த வருட மதிப்பீட்டில் 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்' என்று போட்டார்கள். 'மேம்பாடு' செய்த எனக்கு 'எதிர்பார்ப்பை மிஞ்சினார்'.

அவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நானும் பிறகு அங்கிருந்து வந்துவிட்டேன். கடைசி நாள் பொழுதுபோகாமல் பழைய கோடைத் திறந்து பார்த்தேன். விடுபட்ட 'டி' அதன் இடத்தில் இருந்தது. சோதனைக் கோப்பில் புதிதாகப் பத்து வரி இருந்தது. யாரும் சொல்லாமல் அவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. இரண்டு ஊர், 0.8, லட்சம் உருட்டல், திரும்பக் கணக்கு. மேலே ஒரு கமென்ட்: கேட்டது கிடைத்ததா என்று பார்க்க.

என்னுடைய 'பாதுகாப்புக்காக' வரியும் இன்னும் அங்கேயே இருந்தது. அதை அழித்தேன். குறிப்பு எழுதும் இடத்தில் இந்தத் தடவை 'பிழை' என்று எழுதினேன், ஏன் என்றும் இரண்டு வாக்கியம் எழுதினேன். அதை யாராவது படித்தார்களா, அந்த வாடிக்கையாளருக்கு யாராவது எப்போதாவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.